செல் மாதிரி: செய்து வைப்பதற்கு மட்டுமில்லை, வேலை செய்து காட்டுவதற்கும்

செல் பாடத்துக்கு மாதிரி செய்துவரச் சொன்னால் என்ன வந்து சேரும் என்று அறிவியல் ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு தெர்மாகோல் பலகை, அதன்மேல் பல வண்ணக் களிமண் உருண்டைகள், குண்டூசியில் குத்திய பெயர்ச் சீட்டுகள். பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் செய்துவந்த மாணவியிடம் "இந்தக் கோல்கை உறுப்பை எடுத்துவிட்டால் இந்தச் செல்லுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். புத்தகத்தில் இருக்கும் ஒரு வரி வரும், அல்லது எதுவுமே வராது. குறை அவளிடம் இல்லை. புத்தகப் படத்தைக் களிமண்ணில் நகலெடுக்கச் சொன்னோம், அவளும் எடுத்துத் தந்துவிட்டாள்.

11 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் செல்லைச் சொல்லிக்கொடுக்கும்போது நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: மாதிரியில் ஒரு பாகம் இருந்தால் அது ஏதாவது ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும், அதை எடுத்துவிட்டால் ஏதாவது ஒன்று நின்றுபோக வேண்டும். செய்து காட்ட முடியாத பாகத்தின் பெயரை மட்டும் ஒட்டிவைப்பதில் பெரிய பயன் இல்லை. இன்னொன்று, மாதிரியை வகுப்பிலேயே செய்ய வையுங்கள். வீட்டுக்கு அனுப்பினால் பாதி வேலையைப் பெரியவர்கள் செய்துவிடுவார்கள், பொருள் வாங்க வசதி இல்லாத பிள்ளை கூச்சப்படும், பிள்ளை எங்கே தடுமாறியது என்பதும் உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

முதலில் உண்மையான செல்லைக் காட்டுங்கள்

மாதிரியில் கை வைப்பதற்கு முன், முடிந்தால் நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைப் பார்க்க வையுங்கள். உள் இதழிலிருந்து உரியும் மெல்லிய தோல், ஒரு சொட்டு அயோடின் கரைசல், மூடுவில்லை, அவ்வளவுதான். செங்கல் அடுக்கியதுபோல் செல் சுவர்கள் தெரியும், ஒவ்வொன்றிலும் ஓரமாக ஒதுங்கியபடி ஒரு உட்கரு தெரியும். கூடவே கன்னத்தின் உட்புறச் செல்லையும் பார்க்கலாம். பஞ்சுக்குச்சியால் மெதுவாகத் தேய்த்து, கண்ணாடித் தகட்டில் தடவி, மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டால் போதும். ஆளுக்கு ஒரு குச்சி, பயன்படுத்தியவுடன் குப்பைக்கு. இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

பார்த்ததை வரையச் சொல்லுங்கள், தெரிந்ததை மட்டும். உணவிலுள்ள சக்தியைச் செல்லுக்கு மாற்றித் தரும் மைட்டோகாண்ட்ரியாவை யாராவது வரைந்தால் "இது எங்கே தெரிந்தது, எனக்கும் காட்டு" என்று கேளுங்கள். பள்ளி நுண்ணோக்கியில், இந்தச் சாயங்களை வைத்து, அது தெரியாது. புரதம் தயாரிக்கும் ரைபோசோம் இன்னும் சிறியது. சாதாரண ஒளி நுண்ணோக்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சுமார் 0.2 மைக்ரோமீட்டருக்குள் நெருங்கியிருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக்காட்ட முடியாது, ரைபோசோமோ அதில் எட்டில் ஒரு பங்குதான். ராபர்ட் ஹூக் 1665-இல் தக்கையில் பார்த்தது வெறும் அறைகளை. ராபர்ட் பிரவுன் உட்கருவுக்குப் பெயர் வைத்தது 1830களின் தொடக்கத்தில். கோல்கை உறுப்பு 1898-இல் தெரியவந்தது, ரைபோசோம் தெரிய 1950கள்வரை, அதாவது எலக்ட்ரான் நுண்ணோக்கி வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த வரிசையை வகுப்பில் சொன்னால் மாதிரி எதற்கு என்பது பிள்ளைகளுக்கே புரிந்துவிடும்: கண்ணுக்கு எட்டாத இடத்தில்தான் மாதிரி தேவைப்படுகிறது.

அளவு கணக்கை விட்டுவிடாதீர்கள்

பெரும்பாலான மாதிரிகளில் உட்கரு பந்து அளவில் இருக்கும், ரைபோசோம் பட்டாணி அளவில் இருக்கும், சவ்வு விரல் தடிமனில் இருக்கும். பெரியது எது, சிறியது எது என்ற உணர்வே பிள்ளைகளுக்கு வராமல் போவதற்கு இது ஒரு காரணம். இதைச் சரிசெய்ய ஒரு பாடவேளை செலவழியுங்கள், வீண்போகாது.

10,000 மடங்கு என்று ஒரு அளவை முடிவு செய்யுங்கள். கணக்கு எளிது: ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடும். 20 மைக்ரோமீட்டர் அளவுள்ள ஒரு விலங்கு செல் 20 செ.மீ. பந்தாகிறது. 6 மைக்ரோமீட்டர் உட்கரு 6 செ.மீ. மைட்டோகாண்ட்ரியா ஒவ்வொன்றும் ஒரு செ.மீ.க்குள் தடிமன், இரண்டு முதல் நான்கு செ.மீ. நீளம். இதுவரை எல்லோரும் தலையாட்டுவார்கள். அடுத்து ரைபோசோமைக் கேளுங்கள். சுமார் 25 நானோமீட்டர், அப்படியானால் கால் மில்லிமீட்டர், பேனா முனையால் வைத்த ஒரு புள்ளி. செல் சவ்வு சுமார் 8 நானோமீட்டர் தடிமன், அப்படியானால் 0.08 மில்லிமீட்டர், சாதாரண எழுதும் தாளைவிடவும் மெல்லியது. இந்த இடத்தில் வகுப்பு கொஞ்சம் அமைதியாகும், இவ்வளவு மெல்லியதா உள்ளே இருப்பதையெல்லாம் காக்கிறது என்று.

கடைசியாக டி.என்.ஏ., அதாவது உட்கருவுக்குள் இருக்கும் மரபுக் குறிப்பு இழை. மனிதச் செல் ஒன்றில் இருக்கும் டி.என்.ஏ. முழுவதையும் நீட்டிவைத்தால் சுமார் 2 மீட்டர். அதை 10,000 மடங்காக்கினால் 20 கிலோமீட்டர். இருபது கிலோமீட்டர் நூல், அதுவும் 0.02 மில்லிமீட்டர் தடிமனில், அந்த 6 செ.மீ. உருண்டைக்குள் போக வேண்டும். ஒரு மீட்டர் நூலைக் கொடுத்து, சிக்கு விழாமல் சிறிய உருண்டையாக்கி, கேட்டபோது நடுவிலிருந்து ஒரு குறிப்பிட்ட துண்டை மட்டும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். குச்சியில் சுற்றினால் எளிதாக இருக்கிறது என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். செல்லும் அப்படித்தான் செய்கிறது, ஹிஸ்டோன் என்ற புரதங்களின்மேல் சுற்றிவைக்கிறது. பெயரை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, காரணம் புரிந்தால் போதும்.

இதே அளவில் ஒன்றரை மீட்டர் உயரமுள்ள மாணவர் 15 கிலோமீட்டர் உயரம் ஆகிவிடுவார். அணுவும் செல்லும் ஏறக்குறைய ஒரே அளவு என்று நினைக்கும் பிள்ளைகள் எப்போதும் சிலர் இருப்பார்கள்; இந்த அளவுகளை அட்டவணையாக்கிச் சுவரில் ஒட்டிவைத்தால், தண்ணீர் மூலக்கூறு இந்த மாதிரியில்கூடக் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் அதிலேயே காட்டிவிடலாம்.

சவ்வு: சோப்புப் படலமும் பிளாஸ்டிக் பையும்

"செல் சவ்வு செல்லைப் பாதுகாக்கிறது" என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் சவ்வின் முக்கியமான குணம், எதை விடுவது, எதைத் தடுப்பது என்று பிரித்துப் பார்ப்பது. இதைக் களிமண்ணில் காட்டவே முடியாது.

இரண்டு உறிஞ்சுகுழல்களில் நூலைக் கோத்து ஒரு சட்டம் செய்யுங்கள், சோப்புக் கரைசலில் கொஞ்சம் கிளிசரின் கலந்து அதில் முக்கி எடுங்கள். படலம் நிற்கும். உலர்ந்த பென்சிலால் குத்தினால் உடையும், சோப்பில் நனைத்த பென்சிலால் குத்தினால் உடையாமல் உள்ளே போய் வெளியே வரும், துளையும் தானாக மூடிக்கொள்ளும். அப்புறம் ஒரு சிறிய நூல் வளையத்தை நனைத்துப் படலத்தின்மேல் மிதக்கவிடுங்கள். அங்குமிங்கும் நகரும். வளையத்துக்குள் இருக்கும் படலத்தை மட்டும் உலர்ந்த விரலால் தொட்டு உடைத்தால், நூல் சட்டென்று முழு வட்டமாக விரிந்து ஒரு வாசல் கிடைக்கும், சுற்றியுள்ள படலம் அப்படியே இருக்கும். சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் அமைக்கும் வழிகளும் இப்படித்தான், ஒரே இடத்தில் ஆணி அடித்தாற்போல நிற்பதில்லை. சவ்வைப் பற்றிய இந்த நகரும் படலக் கருத்தை சிங்கர், நிக்கல்சன் இருவரும் 1972-இல் முன்வைத்தார்கள். பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்க்கும் விஷயம் அவ்வளவு புதிய அறிவியல் என்பதைச் சொல்லுங்கள்.

அடுத்தது மாவுச்சத்து சோதனை. வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி மாவுச்சத்தைக் கரைத்து மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றி இறுக்கிக் கட்டுங்கள். வெளிப்புறத்தை நன்றாகக் கழுவிவிடுங்கள், ஒரு துளி மாவு ஒட்டியிருந்தாலும் சோதனை குழம்பிவிடும். தண்ணீரில் அயோடின் கரைசலைச் சில சொட்டுகள் விட்டுப் பழுப்பாக்கி, பையை அதில் இறக்கிவையுங்கள். பாடவேளை முடிவதற்குள் பைக்குள் கருநீலம் படர ஆரம்பிக்கும், வெளியே உள்ள நீர் பழுப்பாகவே இருக்கும். முன்னதாகவே ஊகத்தை எழுதி வாங்கிவிடுங்கள். எது உள்ளே போனது, எது வெளியே வரவில்லை, எப்படித் தெரியும் என்று கேட்டால், சிறிய மூலக்கூறு நுழைந்தது, பெரியது மாட்டிக்கொண்டது என்பதை அவர்களே சொல்வார்கள். இங்கேயே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பிளாஸ்டிக் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, அளவுக்கு ஏற்ப விடுகிறது, அவ்வளவுதான். உயிருள்ள சவ்வோ தேவையான பொருளைச் சக்தி செலவழித்து, குறைவாக உள்ள பக்கத்திலிருந்து அதிகமாக உள்ள பக்கத்துக்குக்கூட இழுத்துக்கொள்ளும். அயோடின் துணியிலும் தோலிலும் கறையாகும், கண்ணில் படக்கூடாது. கண்ணாடி, கையுறை இருந்தால் போடச் சொல்லுங்கள்.

தாவரச் செல்: காகிதப் பை, பிளாஸ்டிக் பை, பலூன்

என்னைக் கேட்டால் எல்லா மாதிரிகளிலும் அதிகம் கற்றுத்தருவது இதுதான், செலவும் மிகக் குறைவு. ஒரு காகிதப் பையை எடுத்துக்கொள்ளுங்கள், அது செல் சுவர். அதற்குள் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பை, அது செல் சவ்வு. தாவரச் செல்லில் சுவர் இருப்பதால் சவ்வு இருக்காது என்று நம்பும் பிள்ளைகள் நிறைய. இரண்டு பைகளையும் கையில் பிடித்தபிறகு அந்தக் குழப்பம் போய்விடும். பிளாஸ்டிக் பைக்குள் ஊதாத பலூன், அது நுண்குமிழ், அதாவது வாக்குவோல். பலூனுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் களிமண்ணில் செய்த உட்கரு, சில பசுங்கணிகங்கள், சில மைட்டோகாண்ட்ரியாக்கள்.

இப்போது பலூனை மெதுவாக ஊதச் சொல்லுங்கள். உட்கரு உட்பட எல்லாம் ஓரத்துக்குத் தள்ளப்படும். வெங்காயத் தோலில் உட்கரு ஏன் ஓரமாக இருந்தது என்ற கேள்விக்கு விடை கையில் கிடைத்துவிடும். முதிர்ந்த தாவரச் செல்லில் இந்த மைய நுண்குமிழ் செல்லின் 90 சதவீதம்வரைகூட நிரப்பிக்கொள்ளும். இன்னும் ஊதினால் பை விறைத்து நேராக நிற்கும். அதுதான் விறைப்பு அழுத்தம். இப்படி நான்கைந்து பைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கயிற்றால் தளர்வாகக் கட்டினால் ஒரு தண்டுபோல் நிற்கும். பலூன்களின் காற்றை ஒவ்வொன்றாக இறக்குங்கள், தண்டு சாயும். தண்ணீர் விடாத செடி வாடுவது ஏன், தண்ணீர் விட்டதும் நிமிர்வது ஏன் என்று இனி நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

இதே பலூனைக் காகிதப் பை இல்லாமல் ஊதச் சொல்லுங்கள். தடுக்க எதுவும் இல்லை, பெருத்துக்கொண்டே போகும். சிவப்பு இரத்த அணுவைத் தூய நீரில் போட்டால் உப்பி வெடிக்கிறது, வெங்காயச் செல் வெடிப்பதில்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதைக் குழுவாகப் பேசி எழுதட்டும்.

ஒரு எச்சரிக்கை. தாவரச் செல் மாதிரியில் மைட்டோகாண்ட்ரியா இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்புங்கள். தாவரத்துக்குப் பசுங்கணிகம், விலங்குக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பிரித்து வைத்துக்கொள்வது இந்தப் பாடத்தில் மிகப் பரவலான தவறு. பசுங்கணிகம் ஒளியைக்கொண்டு சர்க்கரை தயாரிக்கிறது. அந்தச் சர்க்கரையிலிருந்து சக்தியை எடுக்கத் தாவரத்துக்கும் மைட்டோகாண்ட்ரியா வேண்டும், இரவும் பகலும் வேண்டும். வேர்ச் செல்லில் பசுங்கணிகமே கிடையாது, வெங்காயத் தோலிலும் பச்சை தெரியவில்லை, ஞாபகப்படுத்துங்கள்.

புரதம் தயாராகும் வழியை நடித்துப் பார்ப்பது

உட்கரு, ரைபோசோம், எண்டோபிளாச வலைப்பின்னல், கோல்கை உறுப்பு, லைசோசோம். இவற்றைத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தால் ஐந்து பெயர்கள், ஐந்து வரிகள், தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். இவை ஒரு வேலையின் அடுத்தடுத்த கட்டங்கள். அதனால் வகுப்பறையையே செல்லாக்கிவிடுவது நல்லது.

நடுவில் ஒரு மேசை, அது உட்கரு. அதன்மேல் ஒரு தாளை நான்கு பக்கமும் ஒட்டிவிடுங்கள். அதில் வண்ண மணிகளின் வரிசை எழுதியிருக்கும், சிவப்பு, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று ஒரு பதினைந்து. இந்தத் தாள்தான் டி.என்.ஏ., அது மேசையைவிட்டு நகரக்கூடாது. ஒரு மாணவர் பார்த்து நகல் எழுதுகிறார், மேசையைச் சுற்றி வைத்த நாற்காலிகளுக்கு இடையேயுள்ள ஒரு சிறிய இடைவெளி வழியாக வெளியே வருகிறார். உட்கருச் சவ்விலும் இப்படித் துளைகள் உண்டு. ரைபோசோம் குழு நகலைப் படித்து மணிகளை நூலில் கோக்கிறது; ஒவ்வொரு மணியும் ஒரு அமினோ அமிலம், கோத்த சரம்தான் புரதம். கோத்த சரம் இரண்டு வரிசை மேசைகளுக்கு நடுவே, அதாவது எண்டோபிளாச வலைப்பின்னல் வழியாகப் போகிறது, அங்கே இரண்டு பேர் அதைக் குறிப்பிட்ட வடிவில் மடித்து முடிச்சுப் போடுகிறார்கள். பிறகு ஒரு உறைக்குள் போட்டுக் கோல்கை குழுவுக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் வடிவத்தைச் சரிபார்த்து, "வெளியே", "சவ்வுக்கு", "லைசோசோமுக்கு" என்று முகவரிச் சீட்டு ஒட்டி, புது உறையில் போட்டு விடுகிறார்கள். "வெளியே" என்ற உறை தரையில் போட்ட கயிற்று எல்லையை அடைந்ததும் திறக்கப்பட்டு, சரம் மட்டும் எல்லைக்கு வெளியே விழ வேண்டும். செல் சவ்வோடு குமிழ் ஒட்டிக்கொண்டு உள்ளிருப்பதை வெளியே விடுவது இப்படித்தான். தவறாகக் கோத்த சரங்கள் லைசோசோம் குழுவுக்குப் போகும், அவர்கள் வெட்டி மணிகளைத் திருப்பித் தருவார்கள், அதே மணிகள் மறுபடி பயன்படும்.

இன்னொரு குழு மைட்டோகாண்ட்ரியா. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ஏ.டி.பி. சீட்டு கொடுத்தால்தான் வேலை நடக்கும் என்று விதி வையுங்கள்; ஏ.டி.பி. என்பது செல் செலவழிக்கும் சக்தியைச் சுமக்கும் மூலக்கூறு. சர்க்கரைச் சீட்டும் ஆக்சிஜன் சீட்டும் சேர்த்துக் கொடுத்தால் மைட்டோகாண்ட்ரியா குழு ஏ.டி.பி. சீட்டுகளாக மாற்றித் தரும். உண்மையில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.டி.பி. கிடைக்கிறது. இதில் ஒரு வார்த்தையைக் கவனியுங்கள்: மைட்டோகாண்ட்ரியா சக்தியை உண்டாக்குகிறது என்று சொல்லாதீர்கள். உணவில் ஏற்கெனவே இருக்கும் சக்தியைச் செல் செலவழிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது, அவ்வளவே. சீட்டை மாற்றிக் கொடுக்கும்போது அது பிள்ளைகளுக்குத் தெளிவாகிவிடும்.

முதல் சுற்று ஓடி முடிந்ததும்தான் பாடமே தொடங்குகிறது. இரண்டாவது சுற்றில் ஆக்சிஜன் சீட்டை நிறுத்துங்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாக் குழுவும் நின்றுவிடும், ஒரு குழு நின்றதால் எல்லாம் நின்றது என்பதைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். மூன்றாவது சுற்றில் கோல்கை குழுவை உட்கார வைத்துவிடுங்கள். முகவரி இல்லாத சரங்கள் குவியும். அடுத்து, நகலில் ஒரே ஒரு வண்ணத்தை யாருக்கும் தெரியாமல் மாற்றுங்கள். ஒரு மணி மாறினால் என்ன பெரிதாகப் போகிறது என்று யாராவது கேட்டால், இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதச் சங்கிலியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறுவதால்தான் அரிவாள் செல் சோகை வருகிறது என்று சொல்லுங்கள். லைசோசோம் குழுவை நிறுத்திப் பார்த்தால் குப்பை சேரும். டே-சாக்ஸ் என்ற நோயில் லைசோசோம் நொதி ஒன்று வேலை செய்யாததால் கொழுப்புப் பொருள் நரம்புச் செல்களில் சேர்ந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு "எது நின்றது, ஏன்" என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள், மறக்காதீர்கள். எழுதாவிட்டால் விளையாட்டு ஞாபகம் இருக்கும், செல் ஞாபகம் இருக்காது.

கணையச் செல்களில் கதிரியக்க அமினோ அமிலங்களைச் செலுத்தி, புது புரதம் எந்த உறுப்பிலிருந்து எதற்குப் போகிறது என்று ஜார்ஜ் பாலடேயும் அவரோடு இருந்தவர்களும் 1960களில் பின்தொடர்ந்தார்கள். பாலடே, ஆல்பர்ட் கிளாட், லைசோசோமைக் கண்டுபிடித்த கிறிஸ்டியன் டி டூவ், மூவருக்கும் 1974-இல் நோபல் பரிசு கிடைத்தது. வகுப்பறையில் பிள்ளைகள் நடந்த வழி அந்த வழிதான்.

மைட்டோகாண்ட்ரியாவின் மடிப்புகள்

இது சின்ன வேலை, பத்து நிமிடம் போதும். 10 செ.மீ. நீளமுள்ள ஒரு அட்டைப் பெட்டி, 50 செ.மீ. நீளக் காகிதப் பட்டை. பெட்டி மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வு, பட்டை அதன் உட்சவ்வு. பட்டையை மடித்து மடித்துப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். ஏ.டி.பி. தயாரிக்கும் நொதிகள் இந்த உட்சவ்வில் இருப்பதால், அவற்றுக்குப் பதிலாக ஒட்டும் பொட்டுகளை ஒட்டி, மடிப்பு இல்லாமல் பெட்டிக்குள் அடங்கும் 10 செ.மீ. பட்டையில் எத்தனை, மடித்து வைத்த 50 செ.மீ. பட்டையில் எத்தனை என்று எண்ணட்டும். படத்தில் பார்த்த அந்த வளைந்த கோடு எதற்கு என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

எல்லாக் குழுவும் ஒரே செல்லைச் செய்ய வேண்டாம்

"விலங்கு செல்" என்ற பெயரில் ஒரு செல் உடலில் எங்கும் இல்லை. தசைச் செல் இருக்கிறது, நரம்புச் செல் இருக்கிறது, வெள்ளையணு இருக்கிறது. குழுவுக்கு ஒரு செல்லைக் கொடுத்து, அதன் வேலையை மட்டும் சீட்டில் எழுதிக் கொடுங்கள். எந்தப் பாகம் அதிகம் வேண்டும், எது தேவையில்லை, வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்யட்டும். தசைச் செல் செய்யும் குழு மைட்டோகாண்ட்ரியாவை நிறைய வைக்கும், எலும்புத் தசையாக இருந்தால் பல உட்கருக்களும் வேண்டும். செரிமான நொதி சுரக்கும் கணையச் செல்லுக்கு எண்டோபிளாச வலைப்பின்னல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். வேர்த்தூவிச் செல் நீண்ட விரல்போல மண்ணுக்குள் நீளும், பசுங்கணிகம் இருக்காது. கிருமியை விழுங்கும் வெள்ளையணுவில் லைசோசோம்கள் அதிகம். நரம்புச் செல்லைப் பற்றி மட்டும் ஒரு கணக்கு கொடுங்கள்: முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து பாதம்வரை போகும் நரம்பிழை சுமார் ஒரு மீட்டர் நீளம், நம் 10,000 மடங்கு மாதிரியில் அது 10 கிலோமீட்டர்.

சிவப்பு இரத்த அணுவைக் கவனமாக ஒரு குழுவுக்குக் கொடுங்கள், நல்ல விவாதம் வரும். மனிதனின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. இடமெல்லாம் ஹீமோகுளோபினுக்குத்தான். உட்கரு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இங்கே உண்மையான விடை இருக்கிறது: பழுதானதைப் புதிதாகச் செய்துகொள்ள முடியாது, அதனால் சுமார் 120 நாட்களில் அதன் வாழ்நாள் முடிகிறது. செய்து முடித்தபிறகு பெயர்ச் சீட்டு இல்லாமல் எல்லா மாதிரிகளையும் மேசையில் வைத்து, மற்ற குழுக்கள் பார்த்து இது எந்தச் செல் என்று காரணத்தோடு சொல்லட்டும்.

செல்லை நகரத்தோடு ஒப்பிடுவது

இந்த ஒப்பீடு எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அட்டவணையில் "பொருந்தாத இடம்" என்று மூன்றாவது வரிசை ஒன்று கட்டாயம் வையுங்கள். உட்கருவை மேயர் என்றோ மூளை என்றோ எழுதினால், அது உட்கார்ந்து யோசித்து உத்தரவு போடுகிறது என்று பிள்ளை நம்பிவிடும். உட்கருவில் இருப்பது குறிப்புகள். எந்தக் குறிப்பை எப்போது நகலெடுப்பது என்பது சவ்வு வழியே வரும் செய்திகளையும் செல்லுக்குள் இருக்கும் பொருட்களையும் பொறுத்து நடக்கிறது. முடிவெடுக்கும் ஆள் என்று ஒருவரும் இல்லை, இது சிறுவர்களுக்குப் புரியாத அளவு கடினமானதும் இல்லை.

அதேபோல ஒவ்வொரு குழுவும் தங்கள் மாதிரியில் எங்கெல்லாம் உண்மையிலிருந்து விலகியிருக்கிறது என்று மூன்று இடங்களையாவது எழுத வேண்டும். நிறம் முதலில் வரும், பசுங்கணிகம் போன்ற சிலவற்றைத் தவிர மற்ற உறுப்புகளுக்கு இந்தப் பளிச்சென்ற வண்ணங்கள் இல்லை. எண்ணிக்கை அடுத்து வரும், நாம் நான்கு மைட்டோகாண்ட்ரியா வைப்போம், ஒரு கல்லீரல் செல்லில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். உறுப்புகளைச் சூழ்ந்திருக்கும் சைட்டோபிளாசத்தை வெறும் தண்ணீராகவோ காலி இடமாகவோ காட்டியிருப்பார்கள், உண்மையில் அங்கே புரதங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. எல்லாவற்றையும்விட, மாதிரி அசையாமல் இருக்கிறது, செல் அசையாமல் இருப்பதில்லை. நீர்த்தாவர இலை கிடைத்தால் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பசுங்கணிகங்கள் சுவரோரமாக நகர்ந்துபோவதைக் காட்டிவிடுங்கள்.

மதிப்பெண்

அழகுக்கு மதிப்பெண் வேண்டாம், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாகத்தின் பெயருக்குக் கொஞ்சம், அது செய்யும் வேலையை மாதிரியில் காட்டியதற்கு அதிகம், "இதை எடுத்தால் என்ன ஆகும்" என்ற கேள்விக்கு வாய்மொழி விடைக்கு அதிகம், மாதிரியின் குறைகளைச் சொன்னதற்கும் ஒரு பங்கு. கேள்வியைக் குழுவில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்பேன் என்று சொன்னால், ஒருவர் செய்ய மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதும் குறையும். பார்வைக் குறைபாடு உள்ள மாணவர் வகுப்பில் இருந்தால், நிறத்துக்குப் பதிலாகத் தொட்டால் வித்தியாசம் தெரியும் பொருட்களை எல்லாக் குழுவும் பயன்படுத்தட்டும், சொரசொரப்பான வலைப்பின்னலுக்கு மணல் தாள், உட்கருவுக்கு நூலுருண்டை என்று. இது மற்றவர்களுக்கும் நல்லதுதான்.

எல்லாவற்றையும் செய்ய நேரம் கிடைக்காது என்று தெரியும். இரண்டே பாடவேளைதான் இருக்கிறது என்றால் ஒன்றில் பைகளும் பலூனும், இன்னொன்றில் மணி கோக்கும் நடிப்பு. மணிகளை வண்ணவாரியாகப் பிரித்து, நூலை வெட்டி, சீட்டுகளை எழுதி முந்தின நாளே குழுவுக்கு ஒரு பையாகப் போட்டுவிடுங்கள். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் முதல் சுற்றோடு மணி அடித்துவிடும், பாகங்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கும் சுற்றுகளுக்கு நேரமே இருக்காது.